ரயிலில் எலும்பு மாத்திரையும் ‘மினரல் வாட்டர்’ பாட்டிலும்

கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒன்று என்று எலும்பு மாத்திரை சாப்பிடும் அம்மாவோ மாமியாரோ இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன மாதம் மகள் வீட்டுக்குப் போகப் பொதிகையில் ஏறினேன். சனிக்கிழமை இரவு சங்கரன்கோவிலில் ஏறினால் ஞாயிறு விடியற்காலை சென்னை. எனக்கு ஞாயிறுதான் மாத்திரை நாள். மூன்று வருடத்துக்கு முன்பு முற்றத்தில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தபோது டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். டி-ஸ்கோர் மைனஸ் 2.5-க்கும் கீழே போயிருந்தது. எலும்புப்புரை என்றார் டாக்டர். நம் ஊரில் மூட்டு வலியையும் இதையும் சேர்த்து ‘எலும்பு தேய்மானம்’ என்றே சொல்கிறோம், இரண்டும் வேறு. மூட்டு தேய்ந்தால் வலிக்கும். எலும்புப்புரை பெரும்பாலும் வலிக்காது, விழுந்து முறிந்த பிறகுதான் தெரியும். அன்றிலிருந்து ஞாயிறு காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் 70 மில்லிகிராம் அலென்ட்ரோனேட் ஒன்று, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர். பிறகு திண்ணையில் உட்கார்ந்து பேப்பர். அரை மணி நேரம் கழித்துத்தான் காபி.

செங்கல்பட்டு நெருங்கும்போது முழிப்பு வந்தது. பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். ஸ்டேஷனில் வாங்கிய தண்ணீர் பாட்டில் கையில். எதிர் கீழ் பெர்த்தில் ராஜபாளையத்தில் ஏறிய ஒரு அம்மா படுத்திருந்தார், என்னைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கும். அட்டையைப் பார்த்ததும் சொன்னார்:

“யக்கா, இது வாரத்துக்கு ஒண்ணு போடுற எலும்பு மாத்திரைதான? மினரல் வாட்டர்ல போடக்கூடாதுன்னு என் மருமக சொன்னா. மாத்திரையோட வர்ற தாள்ல இங்கிலீஷ்ல போட்டிருக்காம்.”

“நீங்களும் இதுதான் சாப்பிடுறீங்களா?”

“சாப்பிட்டேன். பெங்களூர்ல மகன் வீட்டுல நாலு மாசம் இருந்தேன். அங்க கேன் தண்ணிதான், எல்லாம் மினரல் வாட்டர். அதான் போடவே இல்ல. ஊருக்கு வந்து போட்டுக்கிடலாம்னு விட்டுட்டேன்.”

நாலு மாதம். ஏறக்குறைய பதினேழு மாத்திரை. அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே முதுகெலும்பில் ஒரு எலும்பு அமுங்கியிருக்கிறதாம். மருமகள் தாளைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். அவர் சொன்னதை மாமியாரும் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். ‘மினரல் வாட்டர்’ என்ற ஒரு சொல் இருவரையும் ஏமாற்றிவிட்டது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவு.

அந்தத் தாள் ஏன் அப்படிச் சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். இந்த வகை மருந்துக்குக் கால்சியம் என்றால் தனிப் பிரியம். ரத்தத்துக்குள் போய்விட்டால் கால்சியம் இருக்கும் இடமான எலும்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு, எலும்பை அரிக்கும் செல்களை அடக்கும். இதே குணம் வயிற்றில் எதிரியாகிவிடுகிறது. வயிற்றில் பாலோ, கால்சியம் மாத்திரையோ, கடின நீரோ இருந்தால் அங்கேயே அதோடு ஒட்டிக்கொண்டு உள்ளே ஏறாமல் வெளியே போய்விடும். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் இந்த மருந்தில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. 70 மில்லிகிராம் விழுங்கினால் சேர்வது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. காபியோடோ ஆரஞ்சு ஜூஸோடோ விழுங்கினால் அந்த அரையிலும் சுமார் 60 சதவீதம் போய்விடும். சாப்பாட்டோடு விழுங்கினால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.

இப்போது தண்ணீர். தாளில் எழுதியிருக்கும் மினரல் வாட்டர் ஐரோப்பாக்காரர்கள் ஊற்றிலிருந்து எடுத்து அப்படியே அடைத்து விற்பது. பிரான்ஸின் எவியானில் லிட்டருக்கு 80 மில்லிகிராம் கால்சியம். ஜெர்மனியின் கெரோல்ஸ்டைனரில் 340 போல. பிரான்ஸின் கான்ட்ரெக்ஸில் 450-க்கும் மேல். அங்கே அதைக் கால்சியம் நிறைந்த தண்ணீர் என்று பெருமையாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். அதில் எலும்பு மாத்திரை போட்டால் மாத்திரை வீண், சந்தேகமில்லை.

நாம் ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் வாங்குவதை மினரல் வாட்டர் என்று கூப்பிடுவது நம் பழக்கம், அவ்வளவுதான். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ‘பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்’ என்றுதான் இருக்கும், பெரும்பாலும் பக்கத்தில் ஐ.எஸ். 14543 என்ற எண்ணும் இருக்கும். சாதாரணத் தண்ணீரை ஆர்.ஓ.வில் வடிகட்டி உப்புகளைக் குறைத்து அடைத்தது. சிலர் ருசிக்காகக் கொஞ்சம் தாது உப்பு திரும்பச் சேர்க்கிறார்கள். அசல் மினரல் வாட்டருக்கு இங்கே வேறு எண், ஐ.எஸ். 13428. அதன் லேபிளில் ‘நேச்சுரல் மினரல் வாட்டர்’ என்று இருக்கும். விலையும் அதிகம். நம் பெட்டிக்கடையில் அது கிடைத்தால் நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம், கணக்குப் போடாமல் விட மனசு வராது. ஒரு டம்ளர் 200 மில்லி என்று வையுங்கள். கான்ட்ரெக்ஸ் ஒரு டம்ளரில் 90 மில்லிகிராம் கால்சியம். பசும்பால் ஒரு டம்ளரில் 240 போல. லிட்டருக்கு 20 மில்லிகிராம் இருக்கும் பாட்டில் தண்ணீரில் ஒரு டம்ளருக்கு 4. குடிநீரில் கால்சியம் லிட்டருக்கு 75 வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 200 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த 200 உள்ள கிணற்றுத் தண்ணீர் என்றால் டம்ளருக்கு 40.

ஆக, நாம் பயப்பட வேண்டியது பாட்டிலுக்கு இல்லை, போர் தண்ணீருக்கு. குழாய்த் தண்ணீர் கடினமாக இருக்கும் என்று சந்தேகம் இருந்தால் தாது உப்பு குறைந்த பாட்டில் தண்ணீரைப் பயன்படுத்துங்கள் என்று வெளிநாட்டு மருந்துக் குறிப்புகளே சொல்கின்றன. பெங்களூர் கேனைப் பார்த்துப் பயந்த அந்த அம்மா, ஊரில் எந்தத் தண்ணீரில் போட்டார் தெரியுமா? வீட்டு போர் தண்ணீரில்.

கரிசல் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. நம் ஆத்தாமார் எந்தப் பரிசோதனையும் இல்லாமல் தண்ணீரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படியும், அது உப்புத் தண்ணி. அந்த வெள்ளைப் படிவில் பெரும்பங்கு கால்சியம்தான். நல்ல தண்ணிக்காக ஒரு மைல் நடந்து குடம் சுமந்த தலைமுறை அது. மாத்திரைக்கும் அதே இலக்கணம் போதும். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்தால் அது. இல்லாவிட்டால் கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், பாட்டில் தண்ணீர் எதுவும் சரி. வேறு எதுவுமே கிடைக்காத இடத்தில் போர் தண்ணீர்தான் என்றால் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலாக எடுங்கள். முழுக்கப் போகாது, ஓரளவு குறையும்.

பயணத்தில் வரும் வேறு சில தண்ணீர்களும் இருக்கின்றன. செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் ஹோட்டலில் இளஞ்சிவப்பாகப் பதிமுகத் தண்ணீர் வைப்பார்கள். நம் பக்கத்தில் சீரகத் தண்ணீர். குடிக்க அருமையானவை. மாத்திரைக்கு வேண்டாம், வெறும் தண்ணீர் என்றால் வெறும் தண்ணீர்தான். இளநீர் வேண்டாம். மோர் வேண்டவே வேண்டாம். பதநீர் சீசனில் காரில் திருச்செந்தூர் போகிறவர்கள் விடிகாலையில் வழியில் நிறுத்திக் குடிப்பார்கள். பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்பு என்றால் கால்சியம்தானே. மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்குப் பதநீர்ப் பக்கம் போகாதீர்கள். நம் கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் அக்காமாரும் இருக்கிறார்கள். கோமதி அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், ஞாயிறு காலை மட்டும் நெற்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, ரயிலில் என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. மாத்திரையைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன். காரணம் தண்ணீர் இல்லை, நடு பெர்த்.

இந்த மாத்திரை தொடங்கிய முதல் வருடம் இதே மாதிரி ஒரு பயணத்தில் இரண்டு வாய் தண்ணீரில் விழுங்கிவிட்டு மறுபடி சாய்ந்து படுத்துவிட்டேன். அன்று மத்தியானத்திலிருந்து நெஞ்சுக்குழியில் தீ வைத்த மாதிரி எரிச்சல். எச்சில் விழுங்கவே பயம். நான்கு நாள் கஞ்சிதான். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நின்று புண்ணாக்கியிருக்கிறது என்றார் டாக்டர். அதனால்தான் முழு டம்ளர், 180-லிருந்து 240 மில்லி வரை, பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும் அல்லது நடக்க வேண்டும். மாதத்துக்கு ஒன்று சாப்பிடும் ஐபான்ட்ரோனேட் என்றால் ஒரு மணி நேரம்.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை நடு பெர்த் விரித்திருக்கும். கீழ் பெர்த்தில் கழுத்தை மடக்கித்தான் உட்கார முடியும். மேலே ஒரு காலேஜ் பையன் அசந்து தூங்குகிறான், என் எலும்புக்காக அவனை எழுப்பவா முடியும்? இன்னொன்றையும் பெண்களுக்காக வெளிப்படையாகச் சொல்கிறேன். பயணத்தில் நாம் தண்ணீரே குடிப்பதில்லை. ஆடும் ரயிலில் கழிவறைக்குப் போகப் பயம், பஸ் என்றால் நிறுத்தவே மாட்டான். சாயங்காலத்திலிருந்தே தொண்டையை நனைப்பதோடு சரி. அப்படி வறண்ட தொண்டையில் இந்த மாத்திரையை இரண்டு மடக்கில் தள்ளுவதுதான் ஆபத்து. எந்தத் தண்ணீர் என்று யோசிப்பதில் பாதி நேரத்தை எவ்வளவு தண்ணீர் என்பதற்குக் கொடுக்கலாம்.

என் அபிப்பிராயம் இதுதான்: இரவுப் பயணத்தின் காலையில் வார மாத்திரை வேண்டாம். ஒரு வாரம் தவறினால் ஞாபகம் வந்த மறுநாள் காலையில் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் வழக்கமான கிழமைக்குத் திரும்பிவிடலாம். ஒரே நாளில் இரண்டு மட்டும் கூடாது. நான் திங்கள்கிழமை மகள் வீட்டில் கேன் தண்ணீரில் போட்டுக்கொண்டு, பால்கனியில் அரை மணி நேரம் நின்றேன். அந்த அம்மாவுக்கும் இதையே சொன்னேன், பாட்டிலைத் திருப்பி லேபிளையும் காட்டினேன். இவ்வளவு நாள் விட்டதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். அடிக்கடி பயணம் போகிறவர்கள், உணவுக்குழாயில் தொந்தரவு உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை டிரிப்பில் ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட் பற்றியும் டாக்டரிடம் கேட்கலாம். அதில் எந்தத் தண்ணீரில் விழுங்குவது என்ற கேள்வி கிடையாது.

எனக்கு ஆதங்கம் எங்கே என்றால், மூன்று வருடத்தில் ஒரு மருந்துக்கடையிலும் இதை எனக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அட்டையின் மேல் பேனாவால் ‘காலை 1’ என்று எழுதித் தருவார்கள். அதையே தினமும் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? தாள் என்றால் எறும்பு எழுத்தில் இங்கிலீஷ். எங்கள் தெருவில் தறிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பெண்கள் எத்தனை பேர், அவர்கள் அதை எப்படி வாசிப்பார்கள்? மருந்துக்குத் தமிழில் நான்கு வரி அச்சடித்த சீட்டு ஒன்று போதும்: வெறும் வயிறு, ஒரு டம்ளர் நல்ல தண்ணி, அரை மணி நேரம் படுக்காதே, கால்சியம் மாத்திரை மத்தியானம். என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் இரண்டு வருடம் இந்த மாத்திரையைப் பாலோடுதான் சாப்பிட்டார், எலும்புக்குப் பால் நல்லது என்று. போன தைக்கு முன்னால் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, இன்று வாக்கரில் நடக்கிறார். தண்ணீரில் சாப்பிட்டிருந்தால் முறிந்திருக்காது என்று நான் சொல்ல முடியாது. அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொல்வேன். நானும் சொல்லவில்லை, அப்போது எனக்கே தெரியாது.

தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில்தானே, எதை முதலில் போட என்று போன முறை இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அது ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது இரண்டு அட்டையையும் கையில் கொண்டுபோங்கள்.