அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்ததுங்க?

"ஃபெர்மியான்கள் ஒரே குவாண்டம் நிலையில் சேராது, ஆகவே கண்டென்சேட் ஆகாது." கோவையோ ஈரோடோ, இதை ஒப்பித்தால் மார்க் விழும். முதல் பாதி சரி. அந்த 'ஆகவே'தான் தப்பு!

2003-ல் அமெரிக்காவில் டெபோரா ஜின் குழு என்ன செய்தது? பொட்டாசியம்-40 என்ற ஃபெர்மியான் அணுக்களை அதிகுளிரில் வைத்து, காந்தப்புலத்தை மெல்ல மாற்றி, இரண்டிரண்டாக மூலக்கூறாக்கியது. இரண்டு ஃபெர்மியான் சேர்ந்தால் போசான். கண்டென்சேட் ரெடி!

2004 ஜனவரியில் அதைவிடப் பெரிய அடி. தனியாக இரண்டு அணு மட்டும் இருந்தால் ஒட்டவே ஒட்டாத காந்தப்புலத்திலும், கூட்டத்துக்குள் அவை ஜோடி சேர்ந்தன. மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்வதற்கு நெருங்கிய சொந்தம் இது. பவுலி விதி உடையவில்லை, உடைந்தது கைடு வரிதான்.

ஜின் 2016-ல், 47 வயதில் மறைந்தார். இருபது வருடம் தாண்டியும் அந்த 'ஆகவே'க்கு மார்க் போட்டால், ஃபெயிலாவது மாணவன் அல்ல, கேள்வித்தாள்தான்.