குடிப்பியா?

கல்லீரல் சீழ்க்கட்டி என்றால் நம் சனங்களுக்குப் புரியாது. "ஈரல்ல சீழு வச்சிருச்சி" என்றால் வில்லியனூர், பாகூர் பக்கம் எந்தச் சேரியிலும் புரியும். வலது விலாவுக்குக் கீழே குத்தல், குளிர்காய்ச்சல், மூச்சை இழுத்தால் தோள்பட்டை வரைக்கும் வலி. பெரும்பாலும் இருபதிலிருந்து ஐம்பது வயசுக்குள்ள இருக்கிற ஆம்பிளைங்களைத்தான் இது படுக்கப் போடுகிறது. அதாவது கூலி கொண்டு வருகிறவனை.

சுத்துக்கேணியிலிருந்து எனக்குச் சித்தப்பா முறையாகிற ஒருவருக்குத் துணையாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தேன். வயிற்றை அமுக்கிப் பார்த்த சின்ன டாக்டரின் முதல் கேள்வி: "குடிப்பியா?" சித்தப்பாவுக்கு அவரைப்போல ரெண்டு மடங்கு வயசு. "எப்பயாச்சும் சார், அறுப்பு முடிஞ்சா." "எத்தினி வருஷமா?" முடிந்தது விசாரணை. கேஸ் ஷீட்டில் 'நாள்பட்ட குடிகாரர்' என்று இங்கிலீஷில் ஏறிவிட்டது. எந்தத் தண்ணி குடிக்கிறீங்க, குழாய் எது வழியா வருது, தெருவுல கக்கூஸ் இருக்குதா என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்களிலும் அதே கேள்வி, அதே பதில்.

வைத்தியத்தில் குறை சொல்ல மாட்டேன். ஸ்கேன் எடுத்தார்கள், மெட்ரோனிடசோல் ஏற்றினார்கள், கட்டி பெரிசு, உடைந்துவிடும் என்று குழாய் வைத்துச் சீழை வடித்தார்கள். கரும்பழுப்பாக வந்தது. மருத்துவப் புத்தகத்தில் இதற்கு 'நெத்திலி மீன் சாஸ்' என்று வர்ணனை. வெள்ளைக்காரன் தன் சாப்பாட்டு மேசையைப் பார்த்து நம் சீழுக்கு உவமை சொன்னான், நம் பிள்ளைகள் இன்னும் அதையே மனப்பாடம் பண்ணுதுங்க. அந்தப் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொட்டியவர் காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் நம்ம பெண்மணி.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்தக் கட்டிகளில் பெரும்பங்கு எண்டமீபா ஹிஸ்டாலிடிகா என்கிற ஒரு செல் உயிரியால் வருவது. அது சாராயத்தில் பிறப்பதில்லை. ஒருவர் மலத்திலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகிறது. தண்ணீர் வழியாக, கை வழியாக, ஈ வழியாக. குடலில் இறங்கி, ரத்தத்தில் ஏறி, ஈரலுக்குப் போய்ச் சேருகிறது. அதன் கூடு சாதாரணமாகத் தொட்டியில் போடுகிற குளோரினுக்குச் சாகாது. கொதிக்க வைத்தால் சாகும். அப்படியென்றால் சாக்கடைக்குள்ளே படுத்துக் கிடக்கிற குழாயில் விரிசல் இருந்தால், மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் தூவி என்ன ஆகப்போகிறது?

"பொம்பளைங்களும் அதே தண்ணியத்தான குடிக்கறாங்க, அவங்களுக்கு ஏன் வரல?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆண்களுக்கு இது பல மடங்கு அதிகம்தான். குடி ஈரலைக் கெடுக்கிறது, நோய்க்கு வழி திறக்கிறது, மறுக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் இந்த நோயாளிகளில் கள் குடிக்கும் ஆண்கள்தான் அதிகம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆண் உடம்பின் சுரப்பிகளுக்கும் பங்கு உண்டு என்று சொல்கிற ஆய்வும் இருக்கிறது. ஆனால் வழி திறந்திருந்தால் மட்டும் போதாதே, கிருமி வரணுமே. வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து புதுச்சேரி பார்களில் விடிய விடியக் குடிக்கிறவர்களில் ஒருத்தரையும் அந்த வார்டில் நான் பார்க்கவில்லை. அவர்கள் ஊற்றிக்கொள்வது பாட்டில் தண்ணீர். நம்மாளு கள்ளுக்கடையில் குடிக்கிற கள்ளில் கலந்தது எந்தத் தண்ணி, குவளையைக் கழுவினது எந்தத் தண்ணி? தமிழ்நாட்டில் 1987-ல் கள், சாராயக் கடைகளை மூடினார்கள். இங்கே அரசே ஏலம் விட்டு வருமானம் பார்க்கிறது. கடையை ஏலம் விடுகிற அரசுக்கு அங்கே கழுவுகிற தண்ணியைப் பரிசோதிக்கத் தோன்றவில்லை. அதே அரசின் ஆஸ்பத்திரியில் 'குடிப்பியா' என்று மட்டும் அதட்டத் தெரிகிறது.

மெட்ரோனிடசோல் இந்தக் கட்டியைக் குணமாக்கும் என்று 1966-ல் காட்டியவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பவல் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும். நிறவெறி ஆட்சிக் காலம் அது. அவருடைய நோயாளிகள் கருப்பர்கள். அந்த ஊரில் வெள்ளையருக்கு இந்த நோய் அபூர்வம். ஒரே நகரம், ஒரே மழை, ஆனால் தண்ணீரும் கழிவறையும் இனத்துக்கு ஒன்று. உடம்பை அதிகாரம் எப்படிப் பார்க்கிறது என்று ஃபூக்கோவை மேற்கோள் காட்டும் நண்பர்கள் ஒருநாள் ஈரல் வார்டுக்கு வந்து போகலாம்.

தண்ணியைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து அந்தச் சேரியில் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வாந்தியும். பார்த்த மருத்துவர்கள் குடிக்கிற தண்ணியைப் பாருங்கள் என்றார்கள். ஏறிப் பார்த்தால் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம். மருத்துவமனையில் எழுந்த அந்தச் சந்தேகம் இல்லையென்றால் அது வெறும் 'வாந்தி பேதி' கேஸாகப் போயிருக்கும். 1927 மார்ச் 20-ல் அம்பேத்கர் மகத் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். 95 வருஷம் கழித்தும் நம் தண்ணிக்குள் என்ன இருக்கிறது என்று நாமே ஏறிப் பார்க்க வேண்டியிருந்தது.

சரி, இங்கே யாரிடம் போய்க் கேட்பது? புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல்தான். அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது, அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் தேர்தல் நடத்தவில்லை. கொம்யூனில் ஆணையர் இருப்பார், ஓட்டுப் போட்டு நாம் அனுப்பின ஆள் இருக்கமாட்டான். இதே சுத்துக்கேணியின் பழங்காலத் தாழிகளைப் பற்றிக் காசல் தம்பதியர் 1956-ல் பிரெஞ்சில் புத்தகம் போட்டார்கள். செத்தவன் பானையில் என்ன இருந்தது என்று தேட ஆள் வந்தது. இருக்கிறவன் குடத்துல என்ன இருக்குதுன்னு பார்க்க ஆள் வரல.

மருத்துவமும் நர்சிங்கும் படிக்கிற நம் தோழர்கள் இதைச் செய்யலாம். கேஸ் ஷீட் எழுதும்போது குடியோடு தண்ணீரையும் எழுதுங்கள்: எந்தத் தெரு, எந்தத் தொட்டி, கழிவறை உண்டா. வயசில் மூத்தவரை 'நீங்க' என்று கூப்பிடுங்கள், அதற்குப் பட்டம் வேண்டாம். வீட்டுக்கு அனுப்பும்போது இன்னொன்று. மெட்ரோனிடசோல் கட்டியை ஆற்றும், குடலில் மிச்சமிருக்கிற கூட்டைச் சரியாகக் கொல்லாது. அதற்குத் தனியாக டைலாக்சனைடு மாதிரி ஒரு மாத்திரை வேண்டும். காய்ச்சல் விட்டதும் கூலி போகுதே என்று கிளம்புகிறவருக்கு இதை யாராவது தமிழில் சொல்ல வேண்டும். சித்தப்பாவின் சீட்டில் அந்த மாத்திரை பெயர் இருந்தது, இங்கிலீஷில். வெளியே மருந்துக்கடையில் வாங்கச் சொல்லியிருந்தார்கள். அவர் வாங்கவில்லை. பதினோராம் நாள் நான் போய் வாங்கிக் கொடுத்தேன்.