காணாமற்போன 13 கிலோ



ஒரு கணக்கு சொல்கிறேன். மனத்திலேயே போட்டு விடை கூறுங்கள். களத்தில் 1,000 கிலோ நெல் குவிந்திருக்கிறது. அதன் ஈரப்பதம் 22 சதவீதம். வெயிலில் காயவைத்து 14 சதவீதத்திற்குக் கொண்டுவருகிறோம். இப்போது நெல்லின் எடை எவ்வளவு?

உங்களில் பலர் 920 கிலோ என்று சொல்லியிருப்பீர்கள். 22-இல் 14 போனால் 8. ஆயிரத்தில் 8 சதவீதம் 80 கிலோ. பெரியவர்களும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். ஆனால் சரியான விடை 907 கிலோ.

பிழை எங்கே? சதவீதம் என்றவுடன் "எதில் இத்தனை சதவீதம்?" என்று கேட்க வேண்டும். நெல் வாங்கும் இடங்களில் ஈரப்பதம் என்று சொல்வது, நீரும் சேர்ந்த மொத்த எடையில் நீரின் பங்கு. நீர் குறையக் குறைய மொத்த எடையும் குறைகிறது. ஆகவே 22 என்பது ஓர் எடையின் பங்கு. 14 என்பது வேறோர் எடையின் பங்கு. ஒன்றிலிருந்து மற்றதை நேராகக் கழிப்பது பொருந்தாது.

இத்தகைய கணக்குகளில் மாறாத அளவு எது என்று முதலில் தேட வேண்டும். இங்கே மாறாதது, நீர் நீங்கலான உலர்பொருள். 1,000 கிலோவில் நீர் 220, உலர்பொருள் 780. காய்ந்த பிறகும் அதே 780 கிலோ இருக்கிறது. ஆனால் இப்போது அது மொத்தத்தில் 86 சதவீதம். எனவே மொத்த எடை 780 × 100 ÷ 86 = 907. குறைந்தது 93 கிலோ.

13 கிலோ வித்தியாசத்திற்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். கூலிக்கு ஒருவர் அந்த நெல்லைக் காயவைத்துத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் எதிர்பார்ப்பது 920. தராசு காட்டுவது 907. "மீதி எங்கே?" என்ற கேள்வி அவர்மேல்தான் பாயும். கிலோ 25 ரூபாய் என்றால் 325 ரூபாய். ஆவியாகிப் போன நீருக்காக ஓர் ஏழையின் நாணயம் சந்தேகத்திற்கு உள்ளாகிறது.

பறவை கொத்துவது, சிந்துவது, தூற்றும்போது பதர் பறப்பது ஆகிய இழப்புகளும் உண்டல்லவா? உண்டு. அதனால்தான் கணக்கு இன்னும் தேவைப்படுகிறது. தராசு 895 காட்டினால், 907 போக மீதி 12 கிலோவுக்கு மட்டும் காரணம் தேடினால் போதும். ஈரமானியையும் சோதிக்க வேண்டும். அது தானியத்தின் மின்பண்பை அளந்து ஈரப்பதமாக மாற்றிக் காட்டும் கருவி. அதில் ஒரு சதவீதம் பிசகினாலே நம் கணக்கில் ஏறக்குறைய 12 கிலோ மாறிவிடும். ஒரே மூட்டையில் பார்க்காமல் பல மூட்டைகளில் மாதிரி எடுத்துச் சராசரி காண்பது நல்லது.

இன்னொரு செய்தி. தமிழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வழக்கமாக 17 சதவீத ஈரம் வரை ஏற்கிறார்கள். மழைக் காலங்களில் இவ்வரம்பைத் தளர்த்துவதும் உண்டு. ஆனால் பூஞ்சையும் பூச்சியும் அண்டாமல் சில மாதங்கள் சேமிக்க, 14 அல்லது அதற்குக் கீழே வேண்டும். நம் நெல்லை 17-இல் நிறுத்தினால் எடை 940 கிலோ. 14 வரை காயவைத்தால் 907. கிலோவுக்கு ஒரே விலை என்றால், நன்றாகக் காயவைத்தவர் 33 கிலோவின் பணத்தை இழக்கிறார். உள்ளிருக்கும் அரிசியோ சிறிதும் குறையவில்லை! உலர்பொருளுக்கே விலை என்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. அதுவரை, ஈரப்பதத்திற்கேற்ற எடையைக் காட்டும் அட்டவணை ஒன்று நெல் நிறுக்கும் ஒவ்வோர் இடத்திலும் தொங்க வேண்டும்.

அந்த அட்டவணையை நீங்களே தயாரிக்கலாம். ஈரப்பதங்களின் வித்தியாசத்தை, 100-இலிருந்து இறுதி ஈரப்பதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்து, முதல் எடையால் பெருக்குங்கள்: 8 ÷ 86 × 1,000 = 93. வட்டிக்கும் இலாபத்திற்கும் சதவீதம் கற்பிக்கும் நம் பாடநூல்கள் இந்தக் கணக்கிற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

20 சதவீத ஈரமுள்ள 500 கிலோ நெல்லை 12 சதவீதத்திற்குக் காயவைத்தால் எத்தனை கிலோ குறையும்? வீட்டிலுள்ள பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். 40 என்று அவர்கள் சொன்னால், உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள்.