உடலுக்குள் ஓடும் தறி

குறிஞ்சிப்பாடியில் நமக்குப் பல ஆண்டுகளாக அறிமுகமான நெசவாளர் குடும்பம் ஒன்று உண்டு. சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தோம். வீட்டின் ஆறு வயதுச் சிறுவன் சளியும் இலேசான காய்ச்சலுமாகப் பாயில் படுத்திருந்தான். அவனுடைய பாட்டியார், சுவரில் தொங்கிய நாட்காட்டியின் பின்புறத்திலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ஐந்து மாத்திரைகள் கொண்ட அட்டையில் இரண்டு எஞ்சியிருந்தன.

“இவன் அப்பாவுக்குத் தொண்டைப் புண் வந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்தது, ஐயா. ஐந்து நாள் சாப்பிடச் சொன்னார். மூன்று நாளிலேயே குணமாகிவிட்டது. மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பாதியாக உடைத்துக் கொடுத்தால் பிள்ளைக்கு நல்லதுதானே?” என்று கேட்டார்.

அட்டையில் அசித்ரோமைசின் என்ற பெயர் இருந்தது. “கொடுக்க வேண்டாம் அம்மா, டாக்டரிடம் காட்டுங்கள்” என்றோம். “ஏன் வேண்டாம்? இதுவும் டாக்டர் கொடுத்த மருந்துதானே?” என்றார் அவர். நேர்மையான கேள்வி. நாமோ அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டு விடைபெற்றோம். காசு கொடுத்து வாங்கிய மருந்தை வீணாக்கச் சொல்கிறாரே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. அன்று சொல்லத் தவறிய விடையை இம்மாதம் எழுத விழைகிறோம். அவ்விடை அவர் வீட்டுத் தறியிலேயே இருக்கிறது.

கைலி நெசவை அறியாதவர் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் இலர். ஒரு நெசவாளர் சங்கத்தை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அதன் அலுவலகத்தில், பூட்டிய அலமாரி ஒன்றில் பெரிய மாதிரிப் புத்தகம் இருக்கிறது. எந்தக் கைலிக்கு எந்த நிற இழை, எத்தனை இழை, எந்த வரிசை என்னும் கணக்கெல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. அப்புத்தகத்தை எவரும் தறிக்கு எடுத்துச் செல்வதில்லை. வேண்டிய பக்கத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் படியெடுத்து நெசவாளரிடம் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் தார் சுற்றிக் கொண்டுவந்து தர, அவர் சீட்டைப் பார்த்து இழை இழையாக ஓட்டுகிறார். கணக்கு முடிந்ததும் துணியை அறுத்து எடுக்கிறார்.

நம் உடலின் உயிரணுக்களிலும் இதுவே நிகழ்கிறது. பூட்டிய அலமாரி என்பது உயிரணுவின் உட்கரு. மாதிரிப் புத்தகம் என்பது டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள். அதில் எழுதுவதற்கு நான்கு எழுத்துகளே உண்டு. துண்டுச் சீட்டு, தூது ஆர்.என்.ஏ. எனப்படும் படி. இழைகளாக அமைபவை இருபது வகை அமினோ அமிலங்கள். அவற்றைச் சுமந்து வரும் சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளே தார் சுற்றித் தரும் பிள்ளைகள். நெய்து முடித்த துணிதான் புரதம். நம் தசையும், செரிக்க வைக்கும் நொதிகளும், உயிர்க்காற்றைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் இவ்வாறு நெய்யப்பட்ட புரதங்களே. தறியின் பெயர் ரைபோசோம்.

தறி சீட்டைப் படிக்கும் முறை வியப்புக்குரியது. மூன்று எழுத்துகளை ஒரு சொல்லாகக் கொண்டு, ஒரு சொல்லுக்கு ஓர் அமினோ அமிலம் என்று அது கோத்துச் செல்கிறது. நான்கு எழுத்துகளால் 64 மூவெழுத்துச் சொற்கள் அமையும். அவற்றுள் 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. மூன்று சொற்கள் ‘இத்துடன் அறு’ என்ற கட்டளைகள். இந்த அகராதியை அறிஞர் பலர் 1960களில் தொகுத்து முடித்தனர். அவர்களுள் ஒருவர், பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபின் ஒரு சிற்றூரில் பிறந்த ஹர் கோவிந்த் குரானா. 1968ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

அகராதி கிடைத்தது, ஆனால் தறியின் உருவம் தெரியவில்லை. ஒரு மில்லிமீட்டரை இலட்சம் பங்காக்கினால் அவற்றுள் இரண்டு மூன்று பங்கே அதன் அளவு. அதற்குள் இலட்சக்கணக்கான அணுக்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் எங்கே இருக்கின்றன என்று காண, ரைபோசோம்களைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய, நெளியும் மூலக்கூறு படிகமாகாது என்றே பலர் எண்ணினர். இஸ்ரேலைச் சேர்ந்த அடா யோனத் என்னும் பெண்மணி 1980ஆம் ஆண்டில் முதற்படிகங்களை உருவாக்கிக் காட்டினார். தெளிவான படம் கிடைக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

அந்தப் படத்தை வரைந்தவர்களுள் ஒருவர் நம் மாவட்டத்து மண்ணில் பிறந்தவர். வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952ஆம் ஆண்டு சிதம்பரத்தில் பிறந்தார். மூன்றாம் வயதிலேயே பெற்றோருடன் பரோடாவுக்குக் குடிபெயர்ந்தார். தாய் தந்தை இருவருமே அறிவியல் ஆராய்ச்சியாளர்கள். பரோடாவில் இயற்பியல் பட்டம் பெற்று, 1976இல் அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அதன் பின்னரே தம் மனம் உயிரியலில் இருப்பதை உணர்ந்து, மீண்டும் மாணவராகி, அடிப்படையிலிருந்து உயிரியல் கற்றார். ஆசிரியப் பணி வேண்டி ஏறத்தாழ ஐம்பது கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பித்தும் இடம் கிடைக்கவில்லை. தம் பிள்ளைகள் பாதையை மாற்றிக்கொள்ளும்போது மனம் கலங்கும் பெற்றோர் இவ்வரலாற்றை ஒரு முறை நினைத்துக்கொள்வது நன்று.

ரைபோசோம் இரு பகுதிகளால் ஆனது. சிறிய பகுதி சீட்டைப் படிக்கிறது, பெரிய பகுதி இழையைக் கோக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ராமகிருஷ்ணனின் குழுவினர், வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவின் சிறிய பகுதியை ஆராய்ந்தனர். அமெரிக்காவில் தாமஸ் ஸ்டைட்ஸ் என்பாரின் குழுவினர், விவிலியம் உப்புக் கடல் எனக் குறிக்கும் சாக்கடலில் வாழும் ஒரு நுண்ணுயிரின் பெரிய பகுதியை ஆராய்ந்தனர். 2000ஆம் ஆண்டில் இரு படங்களும் வெளிவந்தன. யோனத், ஸ்டைட்ஸ், ராமகிருஷ்ணன் ஆகிய மூவருக்கும் 2009ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

தறி எவ்வாறு பிழையின்றி நெய்கிறது என்பதையும் ராமகிருஷ்ணனின் குழுவினர் விளக்கினர். சீட்டிலுள்ள சொல்லோடு வந்து சேரும் இழை பொருந்துகிறதா என்று, சிறிய பகுதியிலுள்ள மூன்று எழுத்துகள் ஒட்டிப் பார்க்கின்றன; அனுபவமுள்ள நெசவாளர் நூலை விரலால் தடவிப் பார்ப்பது போல. பொருந்தினால் கோர்வை நடக்கிறது. பொருந்தாவிடில் பெரும்பாலும் இழை விலக்கப்படுகிறது.

இனிப் பாட்டியாரின் மாத்திரைக்கு வருவோம். நோய்க்கிருமியாகிய பாக்டீரியாவும் ஓர் உயிரே. அதற்கும் புரதம் வேண்டும். எனவே அதற்குள்ளும் தறிகள் ஓடுகின்றன. மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுள் பல, அந்தத் தறியில் செருகும் ஆப்புகளாகவே வேலை செய்கின்றன. காசநோய்க்கு முதன்முதலில் பயன் தந்த ஸ்ட்ரெப்டோமைசின் கிருமியின் தறியைத் தவறாகப் படிக்க வைக்கிறது. டெட்ராசைக்ளின், இழை வந்து சேரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அசித்ரோமைசின், நெய்த புரதம் வெளியேறும் குகை போன்ற வழியில் அமர்ந்துகொண்டு அதனைத் தடுக்கிறது. தறி நின்றால் கிருமி வளராது.

அவ்வாறாயின் நம் தறியும் நின்றுவிடாதா? இங்கேதான் நுட்பமான ஓர் உண்மை இருக்கிறது. அசித்ரோமைசின் பற்றிக்கொள்ளும் இடத்தில், பாக்டீரியாவின் தறியில் 2058 என்று எண்ணிடப்பட்ட எழுத்து ‘ஏ’. நம் தறியில் அதே இடத்தில் இருப்பது ‘ஜி’. பெருமளவு இந்த ஓர் எழுத்து வேறுபாட்டினாலேயே அம்மருந்து கிருமியைப் பற்றுகிறது, நம்மை விட்டுவிடுகிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே நின்று நம்மைக் காப்பது அத்துணைச் சிறு வேறுபாடு. ஆயினும் எந்த மருந்தும் முற்றிலும் தீங்கற்றதன்று. ஸ்ட்ரெப்டோமைசின் சிலருடைய செவிப்புலனைக் கெடுத்திருப்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி.

அந்த ஓர் எழுத்து கிருமியிலும் மாறக்கூடும் என்பதே நாம் அஞ்ச வேண்டியது. கோடிக்கணக்கில் பெருகும் கிருமிகளுள், படியெடுக்கும் பிழையினால் ஏதோ ஒன்றில் ‘ஏ’ இருந்த இடத்தில் ‘ஜி’ வந்துவிடலாம். வேறு சில, அவ்வெழுத்தின் மேல் ஒரு சிறு பூச்சு பூசி மருந்து ஒட்டாதபடி செய்துகொள்கின்றன. அந்த வித்தையை ஒன்றுக்கொன்று கைமாற்றியும் கொடுக்கின்றன. மருந்து வந்ததும் மற்றவை மடிய, இவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. தேவையின்றி மருந்து உண்ணும் ஒவ்வொரு முறையும், அளவு குறைத்து உண்ணும் ஒவ்வொரு முறையும், இத்தகைய கிருமிகளுக்கு நாமே இடம் ஒதுக்கித் தருகிறோம். 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகெங்கும் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

சிறுவனுக்கு வந்தது வெறும் சளியாக இருந்தால், அது பெரும்பாலும் வைரசினால் வருவது. வைரசுக்குத் தனக்கென ஒரு தறியே கிடையாது. அது தன் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, நம் உயிரணுவின் தறியில் தனக்கு வேண்டியதை நெய்துகொள்கிறது. பாக்டீரியாவின் தறிக்கென்று செய்த ஆப்பு அங்கே எதில் செருகும்? பிள்ளையின் சளி நீங்காது. அவன் குடலில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் சில மடியும். எஞ்சியவற்றுள் மருந்துக்கு அடங்காதவை தலையெடுக்கும். ஒருவேளை அவனுக்கு வந்தது உண்மையிலேயே பாக்டீரியா நோயாக இருந்திருந்தால்? அப்போதும் பெரியவருக்கு எழுதிய மருந்தில் எஞ்சிய இரண்டைப் பாதியாக உடைப்பது அளவும் ஆகாது, நாளும் ஆகாது. நோய் இன்னதென்று அறிவதும், பிள்ளையின் எடைக்கேற்ப அளவு குறிப்பதும் மருத்துவர் செய்ய வேண்டியவை.

காசநோய் உள்ள வீடுகளில் இது உயிர்ப் பிரச்சினையாகும். 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளி மருத்துவமனையில் படுத்திராமல் வீட்டிலிருந்தே மருந்து உண்டு குணமடையலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது. ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்த பெரும் விடுதலை அது. ஆனால் தவறாமல் உண்டால்தான் அந்த விடுதலை நிலைக்கும். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருந்தை அரசே இலவசமாக வழங்குகிறது. இரண்டு மாதத்தில் இருமல் நின்று, உடல் தேறி, வேலைக்குப் போகத் தொடங்கியதும் மருந்தை விட்டுவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மீண்டு வரும் நோய் பழைய மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம். அது அவரோடு நிற்பதில்லை; ஒரே அறையில் உறங்கும் மனைவி மக்களுக்கும், அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் தொற்றும். நாம் மிச்சம் பிடித்ததன் விலையை அயலாரின் பிள்ளை கொடுக்க நேர்வது எவ்வளவு பெரிய அநீதி!

எனவே நம் குடும்பங்கள் சில வழக்கங்களை மேற்கொள்ள வேண்டும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அதனை மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாது. அவர் குறித்த அளவையும் நாளையும் நாமாகக் குறைக்கவோ கூட்டவோ கூடாது; இடையில் நிறுத்த எண்ணினால் அவரைக் கேட்டே நிறுத்த வேண்டும். ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவருக்குக் கொடுக்கலாகாது. ‘மருந்து வேண்டாம், ஓய்வு போதும்’ என்று சொல்லும் மருத்துவரைக் குறை கூறாமல் நன்றியோடு நினைக்க வேண்டும்.

இதை எழுதுமுன் மறுபடியும் குறிஞ்சிப்பாடிக்குச் சென்றோம். மருத்துவர் சிறுவனைப் பார்த்துவிட்டு, வெந்நீரும் கஞ்சியும் ஓய்வும் போதும் என்று சொல்லியிருந்தார். அவன் நான்காம் நாளே எழுந்து தெருவில் ஓடத் தொடங்கிவிட்டான். பாட்டியாரைத் தறியின் அருகே அமர்த்தி, மேலே எழுதியவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொன்னோம். அவர் சற்று நேரம் மகன் நெய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “ஓர் இழை மாறினாலும் கட்டம் மாறிப்போகும், ஐயா. அது எனக்குத் தெரியாதா?”

நாட்காட்டியின் பின்னால் அந்த அட்டை இப்போது இல்லை.