டால்பின் வந்தால் பேசிவிடுவானா? தீர்த்தமலையிலிருந்து வந்த ஒரு வாட்ஸ்அப் கேள்வி

ராத்திரி பதினோரு மணிக்கு பெரியம்மா மகளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. நீல நிற நீச்சல் குளம். மிதவை ஜாக்கெட் போட்ட ஒரு வெளிநாட்டுக் குழந்தை. டால்பின் வந்து கன்னத்தில் முட்டுகிறது. குழந்தை சிரித்து, 'மம்மா' என்கிறது. கரையில் நிற்கும் அம்மா அழுகிறார். வீடியோவுக்குக் கீழே அக்கா ஒரு வரி அனுப்பியிருந்தார்: "பாப்பா, இது நெசமா? நம்ம தம்பிக்கு ஆகுமா?"

'தம்பி' என்பது அக்கா மகன். நாலரை வயசு. பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. மூணு வயசில்தான் ஆட்டிசம் என்று சொன்னார்கள். அரூர் பக்கம் தீர்த்தமலையில் வீடு. மாமா லோடு வண்டி ஓட்டுகிறார். அந்த வீடியோவில் இருந்த எண்ணுக்கு மாமா ஏற்கெனவே பேசிவிட்டார். ரெண்டு வாரம், மூணு பேருக்கு ஃப்ளைட், தங்குமிடம். எல்லாம் கூட்டினால் அவர்களிடம் இருக்கும் அரை ஏக்கர் மரவள்ளிக் காட்டை விற்க வேண்டும்.

"விசாரிச்சுச் சொல்றேன்க்கா, அதுவரைக்கும் பணம் எதுவும் கட்டாதீங்க" என்றேன். ஃபார்வர்டு வீடியோக்களைச் சரிபார்ப்பது எனக்கு ஆபீஸில் தினசரி வேலை. ஆனால், இந்த முறை ஒரு காடு போகும் விஷயம்.

ஒரு அக்கா, தம்பியிடம் தொடங்கிய கதை

இந்தச் சிகிச்சையின் தொடக்கமும் ஒரு குடும்பத்தில்தான். 1971-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், பெட்ஸி ஸ்மித் என்ற மானுடவியலாளர், அறிவுத்திறன் குறைபாடு உள்ள தன் தம்பியுடன் டால்பின்கள் பழகுவதைப் பார்த்தார். மற்றவர்களிடம் முரட்டுத்தனமாக விளையாடும் டால்பின்கள், தம்பியிடம் மட்டும் மென்மையாக நடந்துகொண்டதாக அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து ஆய்வில் இறங்கினார். பிறகு டேவிட் நாதன்சன் என்ற உளவியலாளர் அதே ஃப்ளோரிடாவில் இதை ஒரு சிகிச்சை முறையாகவே நடத்தினார். குழந்தை ஒரு வார்த்தை சொன்னாலோ, கொடுத்த வேலையைச் செய்தாலோ, பரிசாக டால்பினைத் தொடலாம். மெக்ஸிகோ, துருக்கி, கரீபியன் தீவான குராசாவ் என்று மையங்கள் பரவின. கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர்களில்.

ஆனால், தொடங்கி வைத்த பெட்ஸி ஸ்மித்தே 1990-களில் இதிலிருந்து விலகிவிட்டார். நம்பிக்கையோடு வரும் பெற்றோர், குளத்தில் அடைபட்ட டால்பின் என ரெண்டு தரப்பையுமே இது சுரண்டுகிறது என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோரி மரினோ, ஸ்காட் லிலியன்ஃபெல்ட் இருவரும், இந்தச் சிகிச்சைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வுகளை 1998-லும் 2007-லும் அலசினார்கள். நிலையான பலன் இருப்பதற்கு ஏற்கத்தக்க ஆதாரம் இல்லை என்பதுதான் ரெண்டு முறையும் பதில்.

ஏன் என்று அக்காவுக்கு இப்படிச் சொன்னேன். "கோயில் திருவிழாவுக்குப் போனா நம்ம பசங்க நாலு நாள் குஷியா இருப்பாங்க இல்ல? அது ராட்டினத்தாலயா, புது ஊராலயா, அப்பா வேலைக்குப் போகாம கூடவே இருந்ததாலயா? எதுன்னு எப்படிச் சொல்லுவ?" டால்பின் குளத்திலும் அதேதான். வெதுவெதுப்பான தண்ணீர், வெயில், சுத்தி நின்று கைதட்டும் நாலு பேர், ரெண்டு வாரம் வேறு வேலையே இல்லாத அம்மா, அப்பா. இதில் டால்பினின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஆய்வு வேண்டும். அது இல்லை. டால்பின்கள் கடித்த, இடித்த சம்பவங்களும் உண்டு. அது சிரிப்பது போலத் தெரிவது அதன் தாடை அமைப்பால்தான். வலித்தாலும் அதே முகம்தான்.

நம் ஊருக்கும் இதில் ஒரு சோகம் உண்டு. 1990-களின் கடைசியில், சென்னையை அடுத்த 'டால்பின் சிட்டி' பூங்காவுக்கு பல்கேரியாவிலிருந்து நான்கு டால்பின்கள் வந்தன. ஆறு மாதங்களுக்குள் நான்கும் இறந்தன. 2013 மே மாதம், டால்பின்களை அடைத்துவைத்துக் காட்சி நடத்தும் இடங்களுக்கு அனுமதி தர வேண்டாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. டால்பின் குளம் என்று யார் விளம்பரம் செய்தாலும் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும்.

"அப்போ ஒண்ணுமே இல்லையா?"

எல்லாம் சொல்லி முடித்ததும் அக்கா கேட்ட கேள்வி இது. எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. அக்காவுக்குத் தேவை டால்பின் இல்லை. 'இதைச் செய், பிள்ளை முன்னேறுவான்' என்று சொல்ல ஓர் ஆள்.

"தர்மபுரி போனீங்களே, அது என்னாச்சு?" என்றேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு நாலு தடவை போயிருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சி, தொழில்முறைப் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம். ஆனால், அரூர் போய் பஸ் மாறி, போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பஸ் இரைச்சலில் தம்பி கத்துவான், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். "நாலு தடவை போயும் ஒரு வார்த்தை பேசல பாப்பா" என்று நிறுத்திவிட்டார்கள்.

நாலு தடவை சின்ன எண்ணிக்கை. ஆட்டிசத்துக்கு மாத்திரை போட்டுக் குணமாக்கும் வழி கிடையாது. பயிற்சியால் மெதுவாக முன்னேறலாம். அதிலும் சின்ன வயதில் தொடங்கினால் பலன் அதிகம். பெற்றோருக்கே கற்றுக்கொடுத்து வீட்டில் தொடரும் பயிற்சித் திட்டம் ஒன்றை உலக சுகாதார நிறுவனமும் வடிவமைத்திருக்கிறது. அந்த அயல்நாட்டுக் குளத்தில் கிடைக்கும் நல்ல விஷயங்களில் பெரும்பாலானவை காடு விற்காமலே கிடைக்கும்: தண்ணீர், பொறுமை, தினமும் ஒரு மணி நேரம் போன் இல்லாத அம்மா, அப்பா.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் சந்தேகத்தைச் சொன்னாலே மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 'நிராமயா' காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும். எந்தப் புதுச் சிகிச்சைக்கும் பணம் கட்டும் முன், உங்கள் குழந்தையைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஆயா ஆசைக்காக எல்லாரும் மலையேறினோம். மேலே பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் நின்றால் நோய் தீரும் என்பது ஆயாவின் நம்பிக்கை. தம்பி தண்ணீருக்கு அடியில் நின்று கலகலவென்று சிரித்தான். அக்கா வெளியே கூட்டி வந்து, உட்கார்ந்து, அவன் முகத்துக்கு நேராகக் காத்திருந்தார். தர்மபுரியில் சொல்லிக்கொடுத்தது அது. அரை நிமிடம் ஆகியிருக்கும். தம்பி அக்காவின் விரலைப் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் இழுத்தான்.

"தீர்த்தம் வேலை செய்யுதுடி" என்றார் ஆயா.

"பேசல. ஆனா கேக்குறான் பாப்பா, கேக்குறான்" என்றார் அக்கா.

இப்போது வாரத்துக்கு ஒரு நாள் தர்மபுரி பஸ். பஸ்ஸில் தம்பி இன்னும் கத்துகிறான். மரவள்ளிக் காடு அப்படியே இருக்கிறது.