கார்புரேட்டரைக் கழற்றத் தெரியுமா நமக்கு?



நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன். கார்புரேட்டர் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஃப்ளோட் சேம்பர், வென்ச்சுரி, த்ராட்டில், ஜெட் என்று அம்புக்குறி போட்டுப் பாகம் குறித்து, பத்து மார்க்கை முழுசாக வாங்கியவன். அப்படிப்பட்ட நான்தான் எங்கள் வீட்டு புல்லட்டின் இன்ஜினை ஜாம் ஆக்கியவனும்! வெட்கப்பட வேண்டிய கதைதான். ஆனாலும் இது என் ஒருவனுடைய கதை மட்டும் இல்லை என்பதால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற ரோட்டில் இருக்கிறது. வீட்டில் தாத்தா வாங்கிய 350 சி.சி. புல்லட் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பிறந்து, 1955-இல் சென்னைக்கு வந்த வண்டி அது. அங்கே அந்தக் கம்பெனியை இழுத்து மூடி அரை நூற்றாண்டு ஆகியும், நம் ஊரில் இன்னும் 'டப் டப்' என்று ஓடுகிறது. அப்பா அதில்தான் கொல்லிக்குப் போவார், மல்லாட்டை மூட்டை ஏற்றுவார், மாட்டுக்குப் புல்லுக்கட்டு கொண்டு வருவார்.

போன வருஷ லீவில் எனக்கு ஆசை வந்தது. பழைய வண்டியை 'கஸ்டம்' வண்டி ஆக்கினேன். மட்கார்டை வெட்டினேன். ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி வீசிவிட்டு, கூம்பு மாதிரி ஒரு சின்ன ஃபில்டரை மாட்டினேன். ஓப்பன் சைலன்சர் போட்டேன். (அது சட்டப்படியும் தப்பு என்பது வேறு விஷயம்.) தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கோ தலைகால் புரியவில்லை. கார்புரேட்டரைப் பற்றி மட்டும் நான் நினைக்கவே இல்லை!

பத்து நாள் கழித்து அப்பா, அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். பாதி வழியில், நல்ல வேகத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் அப்படியே நின்று வண்டி இழுத்தது. அப்பா சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் பிழைத்தார்கள். அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அப்பா என்னைத் திட்டவில்லை. "நீ படிச்ச பையன், சரியாத்தான் செஞ்சிருப்பேன்னு நெனச்சேன்டா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

என்ன நடந்தது? ஃபில்டரையும் சைலன்சரையும் திறந்துவிட்டால் இன்ஜினுக்குக் காற்று தாராளமாகப் போகும். ஜெட் பழைய ஜெட்தான், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வராது. கலவை 'லீன்' ஆகிவிடும். வெப்பம் ஏறும், பிஸ்டன் விரியும், போரில் பிடித்துக்கொள்ளும். பெர்னோலி 1738-லேயே எழுதி வைத்த தத்துவத்தில் ஓடுகிற சாமான் இது. நானும் பரீட்சையில் எழுதியவன்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

வண்டியை ஊரில் உள்ள மெக்கானிக் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. "இன்னா தம்பி மாத்துன? ஒண்ணொண்ணா சொல்லு" என்று கேட்டார். முதல் பாடம் அதுதான். கழற்றுவதற்கு முன்னால் கேள்!

சிலிண்டரை ரீபோர் செய்து, புதுப் பிஸ்டன் போட்டு, பழைய மாதிரி ஃபில்டர் டப்பாவும் சைலன்சரும் மாட்டினோம். ஒரு மூட்டை மல்லாட்டைப் பணம் போயிற்று. அதற்குப் பிறகும் கார்புரேட்டருக்கு வரவில்லை அவர். டேப்பட் பார்த்தார். பாயின்ட் இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கும் 0.40-க்கும் நடுவில் வைத்தார். பிளக்கில் பொறி பார்த்தார். "கார்ப்ரேட்டர் கம்ப்ளைன்ட்னு வர்றதுல பாதி கரன்ட் கம்ப்ளைன்ட்டுதான்" என்றார்.

கடைசியில்தான் மிக்கார்ப் கார்புரேட்டர் என் கைக்கு வந்தது. பிரித்து, பெட்ரோலில் கழுவினேன். பைலட் ஜெட்டில் அழுக்கு அடைத்திருந்தது. மெல்லிசுக் கம்பியை எடுத்தேன். "குத்தாதே!" என்று கத்தினார். காற்று அடித்துத்தான் எடுக்க வேண்டுமாம். ஏன் என்று வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.90 மில்லிமீட்டர் துளை குத்திக் குத்தி 0.95 ஆனால், பரப்பு 11 சதவீதம் கூடிவிடுகிறது. அவர் கணக்குப் போட்டதில்லை. ஆனால் விடை அவருக்குத் தெரியும்.

ஸ்லைடு தேய்ந்திருக்கிறதா, நீடில் வளைந்திருக்கிறதா, ஃப்ளோட்டில் ஓட்டை இருக்கிறதா, இன்ஜினோடு சேரும் இடத்தில் காற்று இழுக்கிறதா என்று வரிசையாகப் பார்த்தோம். பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டார். வேகம் எங்கே அதிகமாகிறதோ அங்கே நிறுத்தி, ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைத்தார். ஐடிலிங்குக்குப் பைலட், நடு த்ராட்டிலுக்கு நீடில், முழு த்ராட்டிலுக்கு மெயின் ஜெட் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று.

ரன்னிங்-இன் முடிந்த பிறகு செஞ்சி ரோட்டில் ஓட்டிப் பார்த்துப் பிளக்கைக் கழற்றினோம். காபி நிறத்தில் இருக்க வேண்டியது வெளுத்திருந்தது. "எல்லாம் பழைய மாதிரிதானே இருக்கு, ஏன் அண்ணே?" என்றேன். "பெட்ரோல் முன்ன மாதிரி இல்ல தம்பி" என்றார். நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே போட்டு நீடிலை உயர்த்தினார். மெயின் ஜெட்டையும் ஒரு சைஸ் கூட்டினார். நிறம் வந்துவிட்டது.

அவர் சொன்னதைப் புத்தகத்தில் தேடினேன். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் ஏறத்தாழ 13.5 போதும். நம் நாடு 2025-இல் அந்த 20 சதவீதக் கலப்பை எட்டிவிட்டது. பழைய ஜெட்டை அப்படியே வைத்து ஓட்டினால் கலவை தானாகவே லீன் ஆகும். அண்ணன் பிளக்கின் நிறத்தில் பார்த்ததும், நான் காகிதத்தில் பார்த்ததும் ஒன்றே! போய்ச் சொன்னேன். அந்தக் கணக்கை ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லி சுவரில் ஒட்டிக்கொண்டார்.

'கார்புரேட்டர் காலம் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு?' என்று சில நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். 2020 ஏப்ரல் 1-இல் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு புது வண்டிகளுக்கு ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. ஆனால் நம் கிராமங்களில் ஓடுகிற பழைய எக்ஸலும் ஸ்பிளெண்டரும் ஒரே நாளில் மறைந்துவிடுமா? மருந்து அடிக்கிற பெட்ரோல் மெஷினில் என்ன இருக்கிறது? அதைவிட முக்கியம், இன்ஜெக்ஷனும் இதே காற்று, எரிபொருள் கணக்கைத்தான் சென்சார் வைத்துப் போடுகிறது. கலவை ஏன் லீன் ஆகிறது என்று கையால் அறிந்தவன் ஸ்கேனர் காட்டுகிற கோடைப் படித்துக் காரணம் தேடுவான். அறியாதவன் பாகத்தை மாற்றிக்கொண்டே இருப்பான். பில்லைக் கட்டுகிறவர் நம் அப்பாவைப் போல ஒருவராக இருப்பார்.

அந்த அண்ணனுக்கு ஸ்கேனர் என்றால் பயம். புது வண்டி வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார். நமக்கு ஸ்பேனர் என்றால் பயம். 'டிப்ளமோ படித்துவிட்டுக் கையில் கிரீஸா?' என்று நினைக்கிறோம். இரண்டு பயமும் போக வேண்டும்.

ஆகவே மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கை இதுதான். ஒர்க் ஷாப்பில் ஒரு மேஜை ஒதுக்கக் கேளுங்கள். காயலான் கடையில் நாலைந்து பழைய கார்புரேட்டர் வாங்குவோம், இரண்டு பேருக்கு ஒன்று. மாதம் ஒரு சனிக்கிழமை இப்படி ஒரு மெக்கானிக்கை அழைத்து, கூலி கொடுத்து, நமக்குச் சொல்லித்தர வைப்போம். பதிலுக்கு அவருக்கு நாம் ஸ்கேனர் சொல்லித்தருவோம். ஆண்டு விழாப் பந்தல் செலவில் ஒரு மூலை போதும்.

எங்கள் புல்லட்டில் வெட்டிய மட்கார்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மாற்றலாம் என்றேன். "கெடக்கட்டும் விடு, பார்க்குறப்ப ஞாபகம் வரும்ல" என்றார் அப்பா. அம்மாவும் இப்போது பின்னால் உட்காருகிறார். கிளம்புவதற்கு முன் மட்டும் என்னைப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்காடா?" என்று கேட்கிறார். முன்பெல்லாம் கேட்டதில்லை.