கஸ்கட்டில குற்றம் இல்லை

டர்போ போட்ட சின்ன எஞ்சின் ஒண்டு சூடாகி நிண்டால் எங்கட பக்கம் தீர்ப்பு ரெண்டு நிமிசத்தில முடிஞ்சுவிடும்: "ஹெட் கஸ்கட் போயிட்டுது. ஒறிஜினல் தாங்காது, தடிப்பான செம்புக் கஸ்கட் அடிச்சுப் போடு." பூவரசங்குளத்தில இருந்து வவுனியா ரவுண் வரைக்கும் எந்தக் கராஜ் வாசலில கேட்டாலும் இதே வசனம்தான். மெக்கானிக் சொல்லுவார், பக்கத்தில நிக்கிறவர் தலையாட்டுவார், வாகனக்காரப் பெடியன் காசுக்கு ஓடுவான். மூண்டு மாசத்துக்குப் பிறகு அதே வாகனம் அதே வாசலில நிக்கும். திரும்பவும் கஸ்கட்டுக்குத்தான் திட்டு விழும்.

இந்தத் தீர்ப்பு பிழை. பிழை மட்டுமில்லை, எங்கட பெடியளின்ர காசைத் தின்னுற பிழை. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்கள். 2022 இல டொலர் 200 ரூபாயில இருந்து 360 வரைக்கும் ஏறினது. 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில ஒரு ரீகண்டிஷன் எஞ்சின் என்ன விலைக்குப் போனது எண்டு வாங்கினவனுக்குத் தெரியும். லீசிங் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்துற ஒரு எவ்ரி வான் ஒரு கிழமை படுத்தால், அந்த மாசத் தவணை என்னாகும்? அதால இது பொழுதுபோக்குக் கதை இல்லை.

முதல் எஞ்சினைப் பார்ப்பம். நாங்கள் கதைக்கிறது பெரும்பாலும் சுசுகியின்ர 660 சீசீ மூண்டு சிலிண்டர் சாதி. ஜப்பானில கெய் வாகனத்துக்கு 1990 இல இருந்து 660 சீசீதான் எல்லை. வலு 64 குதிரை. 1987 இல அல்டோ வேர்க்ஸ் அந்த 64 ஐத் தொட்ட பிறகு, கம்பனியள் தங்களுக்குள்ள போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. பழைய எஃப்6ஏ எஞ்சினுக்கு இரும்பு புளொக், அலுமினிய ஹெட். பிறகு வந்த கே6ஏ முழுக்க அலுமினியம், சிலிண்டருக்குள்ள மட்டும் இரும்பு லைனர். கே6ஏ யின்ர போர் 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 60.4. டர்போ மொடலின்ர கொம்பிரஷன் 8.4.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 68 மில்லிமீட்டர் வட்டத்தின்ர பரப்பு 36.3 சதுர சென்ரிமீட்டர். வெடிக்கிற நேரத்தில உள்ளுக்குள்ள 100 பார் அமுக்கம் எண்டு வைச்சுக்கொண்டால், ஒரு சிலிண்டர் ஹெட்டை மேல தள்ளுற விசை கிட்டத்தட்ட 3.7 தொன். அதே அமுக்கம் 86 மில்லிமீட்டர் போர் இருக்கிற 2ஜேசட் எஞ்சினில எண்டால் 5.9 தொன். ரெண்டிலயும் ஒரு சிலிண்டரைச் சுத்தி நாலு போல்ட்தான். அப்ப சின்னப் போர் எண்டது பலவீனம் இல்லை, வரம். "சின்ன எஞ்சின், அதால கஸ்கட் தாங்காது" எண்டு சொல்லுறவர் இந்தக் கணக்கை ஒருக்காலும் போட்டுப் பார்த்ததில்லை. சின்ன எஞ்சினில உண்மையான சிக்கல் வேற இடத்தில கிடக்கு: ரெண்டு சிலிண்டருக்கு நடுவில இருக்கிற அந்த ஒடுங்கின பாலம். எஞ்சினைக் கட்டையாக்கவேணும் எண்டதால அங்க இரும்பும் குறைவு, தண்ணியும் குறைவு. சூடு அங்கதான் குவியும், கஸ்கட் முதலில அங்கதான் கருகும்.

ஆனா ஹெட்டைத் தூக்கவிடாமல் பிடிக்கிறது ஆர்? கஸ்கட் இல்லை. போல்ட். கஸ்கட் எண்டது ரெண்டு முகத்துக்கு நடுவில கிடந்து அடைக்கிற சாமான், அவ்வளவுதான். அமத்துற விசை காணாட்டி செம்பு போட்டாலும் சரி, தங்கம் போட்டாலும் சரி, வழி விடும். போல்டை முறுக்கிற பலத்தில பத்தில ஒரு பங்குதான் இழுவிசையாகப் போய்ச் சேருது. மிச்சம் முழுக்க போல்ட் தலைக்குக் கீழயும் புரியிலயும் உரசலாகவே போகுது. புரி துருப்பிடிச்சிருந்தால், ரெஞ்ச் "கிளிக்" எண்டு சொன்னாலும் போல்ட் இறுகியிருக்காது. போல்ட் ஓட்டைக்குள்ள எண்ணெயோ தண்ணியோ தேங்கி நிண்டால் இன்னும் மோசம். இறுகினது போலக் காட்டும், சில நேரம் புளொக்கையே வெடிக்கவைக்கும். எங்கட பக்கம் எத்தினை பேர் ஹெட் பூட்ட முதல் அந்த ஓட்டையளைக் காத்தடிச்சுத் துடைக்கினம்? நீட்டுப் பைப் போட்டு "கை சொல்லும் தம்பி" எண்டு முறுக்கிற அண்ணைமாரின்ர கையில எனக்கு மரியாதை இருக்கு. உழவு மெசினுக்கு அந்தக் கை போதும். கோணம் பார்த்து முறுக்கவேண்டிய அலுமினிய புளொக்குக்குக் காணாது.

இந்த இடத்தில எங்கட பெருமை ஒண்டையும் தொடவேண்டியிருக்கு. தடைக்காலத்தில மண்ணெண்ணெயில ஏ40 ஓட்டினதும், மட்டை வெட்டி, ஓட்டை விளிம்பில சுத்தியலால தட்டித் தட்டிக் கஸ்கட் செய்ததும் எல்லாரும் சொல்லுற கதை. அது உண்மையான திறமை, குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனா அந்த எஞ்சினெல்லாம் குறைஞ்ச கொம்பிரஷன், குறைஞ்ச சுத்து. அதுகள் மன்னிச்சுக்கொண்டுதுகள். அந்தச் சமாளிப்பைக் கொண்டுவந்து, நிமிசத்துக்கு 6000 சுத்தில ஒரு சிலிண்டர் செக்கனுக்கு 50 தரம் வெடிக்கிற டர்போ எஞ்சினுக்குப் பூட்டினால் அது மன்னிக்காது.

சரி, தடிப்புக் கஸ்கட்டுக்கு வருவம். அதுக்குச் சொல்லுற நியாயம்: "பூஸ்ட் கூட்டிறம், அப்ப கொம்பிரஷனைக் குறைக்கவேணும்." கேக்க நல்லாத்தான் இருக்கு. கே6ஏ யில அரை மில்லிமீட்டர் தடிப்புக் கூட்டினால் 8.4 ஏறத்தாழ 8.0 ஆகும். கிடைச்ச லாபம் அவ்வளவுதான். குடுத்த விலை என்ன? பிஸ்டன் மேல வரேக்க அதின்ர விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில இருக்கிற ஒடுக்கமான இடைவெளி அரை மில்லிமீட்டர் பெருத்துப்போகுது. அந்த இடைவெளிதான் கலவையை நடுவுக்குத் தள்ளிக் கலக்கி, வேகமாக, ஒழுங்காக எரியவைக்கிறது. ஓரத்தில எரியாமல் கிடக்கிற கலவை தானாக வெடிக்கிறதுதான் நொக். அப்ப நொக்கைக் குறைக்கப் போட்ட தடிப்பே நொக்குக்கு இடம் விட்டுக் குடுக்குது. ஹெட்டை ஏற்கெனவே அரைச்சுத் தடிப்புக் குறைஞ்சிருந்தால், அரைச்ச அளவை ஈடுசெய்யத் தடிப்புக் கஸ்கட் போடுறது நியாயம். மற்றபடி கொம்பிரஷனைக் குறைக்கவேணும் எண்டால் பிஸ்டனில குறையுங்கோ.

செம்புக் கஸ்கட் டிராக் பந்தயக் காரின்ர சாமான். அதுக்கு புளொக்கிலயோ ஹெட்டிலயோ காடி வெட்டி, சிலிண்டரைச் சுத்திக் கம்பி வளையம் இருத்தவேணும். செம்பைச் சிவக்கக் காய்ச்சி மென்மையாக்கவேணும். அப்பவும் வெடியைத்தான் அடைக்கும், தண்ணியையும் எண்ணெயையும் ஒழுங்காக அடைக்காது. பந்தயக்காரன் கால் மைல் ஓடிப்போட்டுக் கழட்டுவான். நீங்கள் விடிய மரக்கறி ஏத்திக்கொண்டு வவுனியாவுக்குப் போய், மத்தியானம் பிள்ளையளை ஏத்தவேணும்.

அப்ப எதைப் போடுறது? என்ர கருத்து ஒளிவுமறைவில்லாதது. பூஸ்டை அளவாகக் கூட்டின வாகனத்துக்கு, அந்த எஞ்சின் இலக்கத்துக்கும் வருசத்துக்கும் உரிய கம்பனி டர்போக் கஸ்கட். "பார்க்க ஒண்டு போலத்தான் இருக்கு" எண்டு டர்போ இல்லாத மொடலின்ரயைத் தந்தால் வாங்காதேங்கோ, பார்ட் நம்பரை ஒத்துப் பாருங்கோ. அதுக்கு மேல போறதெண்டால் பல அடுக்கு உருக்குக் கஸ்கட், ஹெச்.கே.எஸ், கொமெட்டிக் மாதிரி ஆக்கள் செய்யிறது. கஸ்கட்டின்ர வளையம் சிலிண்டர் விளிம்பைத் தாண்டி உள்ளுக்கு நீட்டப்படாது. நீட்டினால் அது சிவந்து, நெருப்புப்பொறி இல்லாமலே கலவையைப் பத்தவைக்கும்.

ஆனா உருக்குக் கஸ்கட் முகம் கேட்கும். பழைய கூட்டுமட்டைக் கஸ்கட் கரடுமுரடான முகத்தையும் ஏற்கும். உருக்குக் கஸ்கட்டுக்கு முகத்தின்ர கரடு ஒரு மைக்ரோமீட்டருக்கும் உள்ள நிக்கவேணும். வளைவு வழமையாக 0.05 மில்லிமீட்டருக்கு மேல போகப்படாது. இங்க நடக்கிறதோ: ஹெட்டை மட்டும் அரைக்கக் குடுப்பினம், புளொக் வாகனத்துக்குள்ளயே கிடக்கும். அதின்ர முகத்தைக் கிரைண்டரில தேய்ப்புத் தட்டுப் போட்டு "மினுக்கி" விடுவினம். அலுமினியம் பாவம், தட்டுப் பட்ட இடமெல்லாம் குழியும். பிறகு அதுக்கு மேல ஆயிரக்கணக்கில குடுத்து வாங்கின கஸ்கட்டை வைச்சு, பயத்துக்குக் கொஞ்சம் சிலிக்கனும் பூசுவினம். ஒரு நேர்க்கம்பியும் பீலர் கேஜ்ஜும் அந்தக் கஸ்கட்டை விட மலிவு. அதை வைச்சுப் பார்க்காத கராஜில ஹெட் கழட்டக் குடுக்காதேங்கோ. முகத்தைச் சரிசெய்யக் காசில்லை எண்டால் பூஸ்டைக் குறைச்சுக் கூட்டுமட்டைக் கஸ்கட்டோட ஓடுங்கோ. அதில வெக்கப்பட ஒண்டுமில்லை.

பிறகு தண்ணி. வன்னிக் கிணத்துத் தண்ணியின்ர கல்லுத்தன்மை கேத்திலின்ர அடியில தெரியும். அதே தண்ணியை றேடியேட்டருக்குள்ள ஊத்தினால் அந்தக் கல் எங்க போய் ஒட்டும்? நான் சொன்ன ஒடுங்கின பாலத்தைச் சுத்தித்தான். எவ்ரியில எஞ்சின் சீற்றுக்குக் கீழ கிடக்கு, காத்தும் குறைவு. கூலன்ட் விலையெண்டு சொல்லிக் கிணத்துத் தண்ணி ஊத்துறவர் செம்புக் கஸ்கட்டுக்குக் காசு தேடுறதை என்னால விளங்கிக்கொள்ள முடியேல்லை.

நொக்கைப் பற்றித்தான் கராஜ் வாசலில ஒருத்தரும் கதைக்கிறேல்லை. பூஸ்டைக் கூட்டுறது சுகம், ஒரு சின்னக் குழாயும் திருகும் போதும். ஆனா காத்துக் கூடினால் பெற்றோலும் கூடவேணும், இன்ஜெக்டரால ஏலாட்டி கலவை மெலியும். 92 பெற்றோல் கம்பனி விட்ட பூஸ்டுக்குச் சரி. கூட்டின பூஸ்டுக்கு, வைகாசி வெயிலில, 95 தேவைப்படும், சிலவேளை அதுவும் காணாது. நொக் அடிக்கிற ஒவ்வொரு தரமும் கஸ்கட்டின்ர வளையத்தில சுத்தியலடி. உருக்கு, செம்பு, மட்டை எண்டு அது பார்க்காது. வளையம் தாங்கினால் அடுத்தது பிஸ்டனில ரிங் இருக்கிற தட்டு உடையும். கஸ்கட் முதலில போனால் ஹெட்டைக் கழட்டிப் பூட்டுறதோட முடியும். பிஸ்டன் போனால் எஞ்சினே இறங்கும். "தாங்குற கஸ்கட்" தேடுறவர் இதை யோசிச்சுப் பார்க்கவேணும்.

கழட்டின கஸ்கட்டைக் கராஜ்காரர் குப்பையில எறிய விடாதேங்கோ, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ. ரெண்டு சிலிண்டருக்கு நடுவில கறுப்புக் கோடு ஓடியிருந்தால் சூடு அல்லது அமத்தல் குறைவு. வளையம் நசுங்கி வெளியால தள்ளியிருந்தால் நொக். தண்ணி ஓட்டையைச் சுத்தி அரிச்சிருந்தால் கூலன்ட். ஒரு மூலையில மட்டும் அடையாளம் மங்கலாக இருந்தால் அந்தப் பக்கத்துப் போல்ட் இறுகேல்லை. நான் எழுதினது பிழை எண்டு நினைக்கிற அண்ணைமார் தம்பிமார் அந்தக் கஸ்கட்டோட வாங்கோ. மேசையில வைச்சுப் பார்த்துக் கதைப்பம்.